தண்டவாளம் போனாலும் தடம் போகக்கூடாது

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ரயில் நின்றுபோன பழைய பாதைகளில் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கொட்டிச் சமன் செய்தால் வேலை முடிந்ததுதானே? இதற்கு எதற்குத் தனிச் சட்டம்? உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏன் வழக்கு? பின்னாளில் ரயில் வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்?"

தண்டவாளம் ஒரு பிரச்சினையே இல்லை. அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. கீழே கிடக்கிற நிலம்தான் விஷயம். சாதாரணமாக முப்பது மீட்டர் அகலம். நீளமோ ஐம்பது, நூறு, சில இடங்களில் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆற்றுக்குப் பாலம், மலைக்குக் குகை என்று எல்லாம் போட்டு, நடுவில் எங்கேயும் அறுபடாத ஒரு நாடா. அப்படி ஒன்றை இன்றைக்குப் புதிதாக வாங்கப் புறப்பட்டால் எத்தனை பேர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் மாட்டேன் என்றாலும் கதை முடிந்தது. இந்த நாடா ஒருமுறை அறுந்தால் மறுபடி ஒட்டாது. நீங்கள் கேட்ட சட்டம், வழக்கு, ரயில் திரும்பி வருவது, மூன்றுக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில், இவ்வளவு பாதை எப்படி வீணாகக் கிடந்தது? 1916இல் அமெரிக்க ரயில் வலை உச்சத்தில் இருந்தது. சுமார் 4 லட்சம் கி.மீ. போட்டி போட்ட தனியார் கம்பெனிகள் ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று பாதை போட்டுவைத்திருந்த காலம். அப்புறம் லாரி வந்தது, கார் வந்தது, அகலச் சாலைகள் வந்தன. கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக நஷ்டத்தில் விழுந்தன. ஆனாலும் பாதையை மூட மத்திய ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அது லேசில் கிடைக்காது. 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் கம்பெனிகளின் கட்டுகளைப் பெரிய அளவில் தளர்த்தியது. மூடுவது சுலபமானது. இன்றைக்கு மிச்சம் இருப்பது ஏறத்தாழ 2.25 லட்சம் கி.மீ.

எப்படி நின்றது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. சிகாகோவுக்கு மேற்கே புறநகர்களை இணைத்து ஓடிக்கொண்டிருந்தது சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் என்ற மின்சார ரயில். புதிய எக்ஸ்பிரஸ் சாலை கட்டுவதற்காக நகரின் உள்ளே அது ஓடிய மேம்பாதையை எடுத்துக்கொண்டார்கள். 1953 முதல் பயணிகள் நகர எல்லையை ஒட்டி இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் குறைந்தது. 1957 ஜூலை 3 அன்று, சேவையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற நீதிமன்ற அனுமதி வந்த கையோடு, மத்தியானத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டது கம்பெனி. காலையில் அதே ரயிலில் வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப ரயில் இல்லாமல் நின்றார்கள். இரண்டு வருஷத்தில் சரக்கு வண்டியும் நின்றது. தடம் அப்படியே கிடந்தது.

அங்கே வாழ்ந்தவர் மே தீல்கார்ட் வாட்ஸ். தாவரங்களைப் பற்றி எழுதியும் பாடம் நடத்தியும் வந்தவர், அப்போது எழுபது வயது. பிரிட்டனில் வயல்களுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் நடந்துபோகிற பொது ஒற்றையடிப் பாதைகளைப் பார்த்து வந்தவருக்கு, நம்மூரில் ஏன் இல்லை என்று தோன்றியது. 1963 செப்டம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் அவருடைய கடிதம் வெளியானது. நாம் இரண்டு காலால் நிமிர்ந்து நடக்கிற ஜீவன்கள், நமக்கு ஒரு நடைபாதை வேண்டும் என்று ஆரம்பித்து, இந்தத் தடத்துக்காகப் பல கைகள் அரித்துக்கொண்டிருக்கின்றன, புல்டோசர்கள் எச்சில் ஒழுகக் காத்திருக்கின்றன என்று எழுதினார். அவசரத்தை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் பேர் கூடினார்கள், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தைப் பிடித்தார்கள், இல்லினாய் பிரெய்ரி பாத் பிறந்தது. இப்போது சுமார் 100 கி.மீ.

(அதே சமயம் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடுவே 52 கி.மீ. நீளத்தில் இன்னொன்று உருவானது. நாட்டிலேயே முதல் பாதை எங்களுடையதுதான் என்று இரண்டு ஊர்க்காரர்களும் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.)

வாட்ஸ் செடிகொடி படித்தவர் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மத்திய மேற்கு மாநிலங்களின் ஆதிப் புல்வெளி கிட்டத்தட்ட முழுக்க ஏர் ஓட்டி மக்காச்சோளக்காடாகிவிட்டது. ஆனால் ரயில்வே வேலிக்குள் யாரும் உழவில்லை. நிலக்கரி எஞ்சினிலிருந்து தெறித்த பொறியில் அவ்வப்போது புல் தீப்பிடிக்கும். அந்தப் புல்வெளிக்கு நெருப்பு எமன் இல்லை. ஊடே முளைக்கிற மரக்கன்றுகளைக் கருக்கிவிட்டு, புல் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் ஆளுயரத்துக்கு வளரும் அந்தப் பழைய புல்லும் காட்டுப் பூக்களும் கடைசியாகத் தப்பிப் பிழைத்த இடங்களில் தண்டவாள ஓரங்களும் ஒன்று. அறுபடாத நாடா என்றேனே, தாவரங்களுக்கும் அதே கணக்குதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இதுதான் சிக்கலான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கம்பெனியின் ஆள் ஒரு விவசாயியிடம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வயலின் குறுக்கே தடம் போக வேண்டும். சிலரிடம் நிலத்தை முழுக் கிரயமாகவே வாங்கிவிட்டார்கள். சிலரிடம் ரயில் ஓட்டிக்கொள்ளும் பாத்தியத்தை மட்டும் எழுதி வாங்கினார்கள். மண் விவசாயியுடையதாகவே இருந்தது. மேற்கு மாநிலங்களில் அரசாங்க நிலத்தின் குறுக்கே போக அரசே வழி கொடுத்தது. ஆக ஒரே பாதையில், இந்த வயலில் ஒரு விதமான பத்திரம், அடுத்த வயலில் வேறு விதம், ஓடை தாண்டினால் மூன்றாவது விதம்.

ரயில் ஓடுகிறவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. நின்ற பிறகுதான் வெடித்தது. பாத்தியம் மட்டும் கொடுத்த இடத்தில், ரயில்வே அந்தத் தடத்தைக் கைவிட்டதும் பாத்தியமும் செத்துப்போகும். நிலம் முழுசாக இன்றைய வயல்காரர் கைக்கு வந்துவிடும். அவர் வேலி போடுவார், உழுவார், கொட்டகை கட்டுவார். அவருடைய உரிமை அது. நூறு கிலோமீட்டர் பாதையில் நடுவே முந்நூறு மீட்டர் இப்படிப் போனாலும் மிஞ்சுவது இரண்டு முட்டுச்சந்துகள். ரயிலும் அந்த வழியே இனி வர முடியாது, நடக்கிறவரும் போக முடியாது.

1968இல் தேசிய நடைபாதைகளுக்காக ஒரு சட்டம் வந்திருந்தது. 1983இல் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதற்கு ரயில் பேங்கிங் என்று பெயர். தடத்தை பேங்கில் போட்டு வைப்பது மாதிரி. அதன் சூட்சுமம் இது: ரயில் கம்பெனி பாதையைக் கைவிடவில்லை. நாட்டுக்குப் பின்னால் தேவைப்படலாம் என்று பத்திரமாக எடுத்து வைக்கிறது. அதுவரைக்கும், இடைக்காலமாக, மக்கள் அதில் நடந்துகொள்கிறார்கள். கைவிட்டால்தானே பாத்தியம் சாகும்? கைவிடவே இல்லையே!

நடைமுறை இப்படிப் போகும். ஒரு பாதையை மூட விரும்பும் கம்பெனி, மத்தியத் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தில் மனுப் போடுகிறது. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு நகராட்சியோ, கவுண்டியோ, தொண்டு நிறுவனமோ "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இல்லை: வரி, பராமரிப்பு, யாராவது விழுந்து வழக்குப் போட்டால் அதன் பொறுப்பு எல்லாம் அவர்கள் தலையில். கம்பெனி சம்மதித்தால் வாரியம் பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கொடுக்கும். விலை படிந்தால் தடம் கைமாறும். படியாவிட்டால் கம்பெனி கைவிட்டுவிடலாம், நாடா அறுந்துவிடும். கம்பெனிக்கு விருப்பம் இல்லையென்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் கவனியுங்கள்.

நாட்டின் எந்த மூலையில் எந்தப் பாதைக்கு மூடும் மனு விழுகிறது என்று உட்கார்ந்து பார்ப்பதற்கே ஆள் தேவைப்பட்டது. 1986இல் வாஷிங்டனில் ரெயில்ஸ்-டு-டிரெயில்ஸ் கன்சர்வன்சி என்ற அமைப்பு தொடங்கியபோது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று இதுதான்: மனு வந்ததும் அந்த ஊர்க்காரர்களை உசுப்பிவிடுவது. கெடு தாண்டினால் எல்லாம் போச்சு. 1991இல் மத்தியப் போக்குவரத்து நிதியில் ஒரு பங்கை இப்படிப்பட்ட பாதைகளுக்கும் செலவிடலாம் என்று சட்டம் வந்த பிறகு வேகம் பிடித்தது. இப்போது நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாதைகள், மொத்தம் 40,000 கி.மீ.க்கும் மேல்.

வயல்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை, அவர்கள் கோபத்தில் நியாயமும் உண்டு. தாத்தா ரயிலுக்காகக் கொடுத்த வழி, ரயில் நின்றால் திரும்பி வரும் என்பது கணக்கு. நின்றது, வரவில்லை, அதற்குப் பதில் முன்பின் தெரியாதவர்கள் கொல்லைப்புறத்தில் சைக்கிளில் போகிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரத்து ஏரிக்கரையில் வாழ்ந்த பிரிசோ தம்பதி போட்ட வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 திருத்தம் செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: நிலத்துக்காரரின் சொத்து பறிபோயிருந்தால் அவர் அரசிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். சில வருஷம் கழித்து அந்தத் தம்பதிக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அதிலிருந்து இத்தகைய வழக்குகள் தொடர்ந்து வருகின்றன. பணம் கொடுப்பது மத்திய அரசின் கஜானா, பாதையை நடத்துகிற ஊர் அல்ல. பொது நன்மைக்கு எடுக்கிறார்கள் என்றால் பொதுப்பணத்திலிருந்து விலை கொடுப்பதுதானே முறை? பாதைகள் பிடிக்கும் என்றாலும் இந்த விஷயத்தில் நான் வயல்காரர் பக்கம்தான்.

பேங்கில் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் வந்த பிராண்ட் வழக்கு பாடம். வயோமிங் மாநிலத்தில், 1875ஆம் வருஷச் சட்டப்படி அரசு கொடுத்த வழியில் போட்ட பாதை. ரயில் கம்பெனி முறைப்படி கைவிட்டுவிட்டது. தடம் மறுபடி அரசுக்கே சொந்தம், அங்கே நடைபாதை அமையலாம் என்றது அரசு. இல்லை, கொடுத்தது பாத்தியம் மட்டும்தான், கைவிட்டதோடு அது முடிந்தது, நிலம் பிராண்ட் குடும்பத்துடையது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு.

இனி, தண்டவாளத்தைப் பிடுங்கி மண்ணைக் கொட்டினால் போதுமா என்ற கேள்வி. போதாது, ஆனால் புதிதாக ஒரு பாதை போடுவதைவிட எவ்வளவோ சுலபம். கஷ்டமான வேலையை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ செய்து முடித்துவிட்டார்கள்.

தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் போன பிறகு மிஞ்சுவது ஜல்லி. உள்ளங்கையில் வைத்தால் நிறைகிற, முனை மழுங்காத கருங்கல். அதில் சைக்கிளை இறக்கினால் முன் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது; கல் நழுவும், சக்கரம் புதையும், பத்தடியில் இறங்கித் தள்ள ஆரம்பிப்பீர்கள். அந்த ஜல்லியை வாரி எடுக்கிறார்கள், அல்லது அப்படியே பரப்பிச் சமன் செய்கிறார்கள். அதன் மேல் சுமார் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பொடித்த சுண்ணாம்புக்கல். இதில்தான் கைப்பக்குவம். ஒரே அளவாகச் சலித்த பொடி உதவாது. குருணையும் மாவும் கலந்து இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் மாவு குருணையின் சந்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நாலு மழை பெய்து காய்ந்ததும் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும். கால்மூட்டுக்கு இதம், தார் பாதையைவிடச் செலவும் குறைவு. ஒரே குறை, மழை நாளில் போய் வந்தால் சைக்கிள் செயின் முதல் உங்கள் முதுகு வரை வெள்ளைச் சேறு.

கட்டைகள் அழுகாமல் இருக்க கிரியோசோட் எண்ணெயில் ஊற வைத்தவை. அடுப்பெரிக்கவோ தோட்டத்தில் போடவோ லாயக்கில்லை, முறைப்படிதான் அகற்ற வேண்டும். களை முளைக்காமல் இருக்க ஒரு காலத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து அடித்திருக்கிறார்கள், எஞ்சின் சாம்பலும் கொட்டியிருக்கிறது. ஆகவே ஆரம்பத்திலேயே மண்ணைச் சோதித்துப் பார்க்கிறார்கள். மோசமான இடங்களில் தோண்டிக் கிளறாமல், மேலே நல்ல தளம் போட்டு மூடிவிடுவது வழக்கம்.

பாலங்கள்? நூறு டன்னுக்கும் மேற்பட்ட எஞ்சினைத் தாங்கக் கட்டியவை. சைக்கிள்காரர் ஒரு சுமையே இல்லை. ரயில் பாலத்தில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஆறு தெரியும், ஓரத்தில் கைப்பிடியும் இருக்காது. பலகைத் தளம் போட்டுக் கைப்பிடி வைக்க வேண்டும். மரப் பாலமாக இருந்தால் உளுப்பும் தீயும் பயம். எல்லாவற்றுக்கும் மேல் ஆட்கள் கவனிக்காமல் விடுவது வடிகால். கரைக்கு அடியில் மழைநீர் போக ரயில்வே போட்ட சின்னச் சின்னப் பாலங்கள் அடைத்துக்கொண்டால், ஒரு மழையில் கரை அறுத்துக்கொண்டு போய்விடும். ரயில் பாதைகள் ஏற்றத்தைத் தவிர்க்க ஆற்றை ஒட்டியே போகும் என்பதால் வெள்ளம் இவற்றுக்குப் பிறவிச் சத்துரு. வர்ஜீனியா கிரீப்பர் என்ற 55 கி.மீ. பாதையில் டமாஸ்கஸ் ஊருக்கு மேலே உள்ள பாதியை 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பாலங்களோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது. மிசூரி மாநிலத்துக் கேட்டி டிரெயிலின் கதை நேர்மாறு. அங்கே 1986இல் வந்த வெள்ளம் தடத்தை உடைத்ததால்தான் எம்.கே.டி. கம்பெனி ரயிலையே நிறுத்தியது. டெட் ஜோன்ஸ் என்ற செல்வந்தர் நிலம் வாங்க 2 லட்சம் டாலரும், பாதை போட 20 லட்சம் டாலரும் கொடுத்தார். 1990இல் முதல் பகுதி திறந்தது. இப்போது பெரும்பாலும் மிசூரி ஆற்றை ஒட்டி, 386 கி.மீ., ஒரே நீட்டாக.

குகைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. எல்ராய்–ஸ்பார்ட்டாவில் மூன்று குகைகள். பெரியது 1,161 மீட்டர், 1873இல் வெட்டி முடித்தது. உள்ளே விளக்கு கிடையாது. கோடை மத்தியானத்தில் வியர்த்துக்கொண்டு அதன் வாசலுக்கு வந்தால், பத்தடி முன்னாலேயே குளிர்காற்று முகத்தில் அறையும். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தால் உடம்பே துள்ளும். டார்ச் வெளிச்சம் காலடியில் ஒரு வட்டம் போடும், அவ்வளவுதான். பேச்சுச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. எதிரே ஊசி முனை மாதிரி வெளிச்சம் தெரியும். நடக்க நடக்க அது அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும்.

வாசலில் பிரம்மாண்டமான மரக் கதவுகள் இருக்கின்றன. அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. குளிர்காலத்தில் பாறையில் கசிகிற நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்துவிடும். அதைத் தடுக்க, ரயில் வராத நேரமெல்லாம் கதவைச் சாத்தி வைப்பார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் திறந்து மூட அங்கேயே காவலாள் உண்டு. இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்தக் கதவுகளை மூடிவிடுகிறார்கள், அதே காரணத்துக்காக.

இதைவிட நீளமானது ஐடஹோ–மான்டானா எல்லையில் இருக்கிறது. ரூட் ஆஃப் தி ஹையவாதா என்ற 24 கி.மீ. பாதையின் டாஃப்ட் குகை 2.7 கி.மீ. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எட்டு டிகிரி செல்சியஸ்தான்.

ஓட்டுவது நிஜமாகவே சுலபமா என்றும் பலர் கேட்பார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். செங்குத்தாக ஏற முடியாது. அதனால் நூறு மீட்டருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு மீட்டர் ஏற்றம் என்று வைத்துத்தான் தடம் போட்டார்கள். அதற்காகவே மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். மூட்டு வலிக்காரருக்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், சைக்கிள் பழகுகிற குழந்தைக்கும் இதைவிடத் தோதான பாதை இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லண்ட் வரை போகிற 241 கி.மீ. கிரேட் அலெகெனி பாசேஜில், கம்பர்லண்ட் பக்கமிருந்து ஆரம்பித்தால் முதல் 38 கி.மீ.யில் 500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கண்ணுக்கு மேடே தெரியாது. சமதளத்தில்தான் போகிறோம், இன்றைக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு மிதிப்பீர்கள். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். சாதாரணச் சாலையில் ஏறினால் உடனே ஒரு இறக்கம் கிடைக்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கே மூன்று மணி நேரம் அந்தச் சலுகை கிடையாது. மறுபக்கம் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள், காரணம் அப்புறம்தான் புரியும்.

ஊர்கள் விழுந்திருக்கிற விதத்திலும் ரயிலின் கை தெரியும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். விவசாயிக்கு மாட்டுவண்டி, குதிரைவண்டி எட்டுகிற தூரத்தில் தானியம் ஏற்ற ஸ்டேஷன் வேண்டும். அதனால் கொஞ்ச கொஞ்ச தூரத்துக்கு ஒரு சின்ன ஊர். ரயில் நின்றதும் அந்த ஊர்களெல்லாம் வாடிப்போயின. எஞ்சினுக்காக அளந்து வைத்த அந்த இடைவெளி, பசியோடு வருகிற சைக்கிள்காரருக்கும் அச்சாகப் பொருந்திவிட்டது. பழைய ஸ்டேஷனில் சாப்பாட்டுக் கடை, மூடிக்கிடந்த வீட்டில் தங்கும் அறை என்று சில ஊர்களுக்கு மறுபடி மூச்சு வந்திருக்கிறது. எல்லா ஊர்களுக்கும் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

பாதை வந்தால் திருட்டு வரும் என்ற பயம் எங்கே திட்டம் போட்டாலும் முதலில் எழும். தூக்கிய டிவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் தப்பிக்கிற திருடனை நினைத்துப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பாதை திறந்த பிறகு எதிர்த்தவர்களே வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்துக்கொள்வதும் உண்டு.

தடத்தைக் காப்பாற்றச் சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க பிரிட்டனுக்குப் போக வேண்டும். வாட்ஸ் கடிதம் எழுதிய அதே 1963இல் அங்கே பீச்சிங் அறிக்கை வந்தது: சுமார் 8,000 கி.மீ. பாதையையும் 2,300க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களையும் மூடச் சொன்ன அறிக்கை. மூடிய தடங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். பாலத்தை இடித்தார்கள், வெட்டுப்பள்ளத்தில் குப்பை கொட்டினார்கள், வீடு கட்டினார்கள். தப்பித்த இடங்களில் நல்ல பாதைகள் வந்தன. பிரிஸ்டல்–பாத் நடுவே 21 கி.மீ. தூரத்தை 1979 தொடங்கி 1986 வரை பெரும்பாலும் தன்னார்வலர்களே போட்டார்கள். ஆனால் பல பாதைகள் பத்துக் கிலோமீட்டர் போனதும் ஒரு வீட்டுக் கொல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்காட்லாந்தில் 1969இல் மூடிய வேவர்லி பாதையில் எடின்பரோவிலிருந்து ஒரு பகுதியை 2015இல் மறுபடி ரயிலுக்குத் திறந்தார்கள். சாலைகளும் கட்டடங்களும் தடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பல பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

பெல்ஜியம்–ஜெர்மனி எல்லையில் நடந்தது தமாஷ். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தப்படி ஃபென்பான் என்ற ரயில் தடம் பெல்ஜியத்துக்குப் போனது. தடத்தின் இரு பக்கமும் ஜெர்மனியாக இருந்த இடங்களிலும் தடம் மட்டும் பெல்ஜியம். அதனால் தடத்துக்கு மேற்கே இருந்த ஜெர்மன் ஊர்கள் சில தீவு மாதிரி தனித்துப் போயின. ரயில் நின்றது, தண்டவாளம் போனது, இப்போது 125 கி.மீ. சைக்கிள் பாதை. நாட்டின் எல்லை மட்டும் நகரவில்லை. ஜெர்மன் வயல்களுக்கு நடுவே பெல்ஜியம் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு நீண்டுகிடக்கிறது.

கடைசிக் கேள்வி, ரயில் திரும்பி வருமா? ரயில் பேங்கிங் செய்த பாதையில் சட்டப்படி கம்பெனி திரும்பி வரலாம். பாதைக்காரர்கள் விலகித்தான் ஆக வேண்டும். நடைமுறையில் அப்படித் திரும்பியவை மிகக் குறைவு. இருபது வருஷம் குழந்தைகளோடு நடந்து பழகிய பாதையை ரயிலுக்கு விடச் சொன்னால் ஊர் லேசில் விடாது. ரயில் பிரியர்களின் ஆத்திரம் இங்கேதான், அதிலும் உண்மை இருக்கிறது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் பழைய பாதையை நடைபாதைத் திட்டத்துக்கே முன்னுரிமை கொடுத்து மாற்றலாமா என்று 2022இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். ரயிலுக்கான வாய்ப்பை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு மக்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலையில் பல வருஷச் சண்டைக்குப் பிறகு தடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: டப்பர் லேக் வரை ரயில், அதற்கு மேல் லேக் பிளாசிட் வரை தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை. இடம் இருக்கிற ஊர்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, நடுவில் வேலி போட்டு, இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடுதான்.

நியூயார்க் நகரத்து ஹை லைன் பூங்காவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மன்ஹாட்டனில் தெருவுக்கு மேலே ஒன்பது மீட்டர் உயரத்தில், 2.3 கி.மீ. நீளத்தில், புல்லும் பூவுமாக இருக்கிறதே, அதுதான். 1980இல் உறைய வைத்த வான்கோழிகளை மூன்று பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதே அங்கே கடைசி ரயில். கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இடித்துத்தள்ளச் சொன்னார்கள், இடிக்க உத்தரவும் வந்தது. 1999இல் அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் ஆரம்பித்த சங்கம் நீதிமன்றம் போனது. 2005இல் அதையும் இதே ரயில் பேங்கிங் சட்டத்தில் சேர்த்தார்கள், 2009இல் பூங்கா திறந்தது. கூட்டம் நெரிகிற அந்தத் தோட்டம், மத்திய வாரியத்தின் ஏட்டில், சரக்கு ரயிலுக்காக எடுத்து வைத்திருக்கும் ஒரு தடம்.